டெர்மினலில் 'தஞ்சாவூர்' உடைந்து தெரிகிறதா? ஃபைலை டெலிட் பண்ணிடாதீங்க!

குறுவை நெல் கொள்முதல் பட்டியலை 'தஞ்சாவூர்' என்ற பெயரில் சேமிக்கிறீர்கள். லினக்ஸ் டெர்மினலில் பார்த்தால் புள்ளியும் காலும் தனித்தனியாக நிற்கின்றன. ஃபைல் கெட்டுப்போச்சா? பயப்படாதீங்க. பெரும்பாலும் திரையில் காட்டுவதில்தான் சிக்கல்.

ஏன் இப்படி?

1978-ல் வந்த விடி100 போன்ற பழைய டெர்மினல்களைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்தான் டெர்மினல் எமுலேட்டர். திரையைச் சம அளவு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எழுத்து வைக்கும். ஆங்கிலத்துக்கு ஓகே. ஆனால் 'தஞ்சாவூர்' நமக்கு 5 எழுத்து. யூனிகோடில் 9 குறியீடுகள். புள்ளி, கால் எல்லாம் தனிக் கணக்கு. கட்டத்துக்குள் அடைக்கும்போது உடைகிறது.

என்ன செய்யலாம்?

• கேள்விக்குறி வருதா? 'லொகேல்' கட்டளை கொடுங்கள். யுடிஎஃப்-8 இல்லையென்றால் மாற்றுங்கள். சர்வரில் வேலை என்றால் அங்கேயும் பாருங்கள்.

• வெறும் கட்டம் வருதா? தமிழ் ஃபான்ட் இல்லை. 'நோட்டோ சான்ஸ் தமிழ்' இலவசம். இன்ஸ்டால் செய்து, டெர்மினலை மூடித் திறங்கள்.

• எழுத்து பிரிந்து நிற்கிறதா? ஃபான்ட் மாற்றினாலும் சரியாகாமல் போகலாம். இந்திய எழுத்துகளைக் கையாளத் தெரிந்த எம்எல்டெர்ம் போட்டுப் பாருங்கள்.

அவசரமா? உடைந்து தெரியும் பெயரை காப்பி செய்து பிரவுசரில் ஒட்டுங்கள். அங்கே சரியாக வந்தால், பெயர் பத்திரமாகத்தான் இருக்கிறது.