ஒரு லேப் கணக்கு



"மெக்கானிக்கல் முடிச்சுட்டு என்ன பண்ணப் போற?" இந்தக் கேள்வியைக் கேட்காத சொந்தக்காரங்க யாருக்காவது இருக்காங்களா? 1977-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் முடித்த ஆலன் குல்விக்கி போனது கார் ரேஸுக்கு.

அவர் ஓட்டியது ஸ்டாக் கார். ஸ்டாக் கார்னா, ஷோரூமில் விற்கிற சாதாரண கார்னு அர்த்தம். ஆரம்பத்தில் நிஜமாவே அப்படித்தான் இருந்தது. போகப் போக, தோற்றம் மட்டும்தான் ஷோரூம் கார். உள்ளே எஃகுக் குழாய்களை வெல்டு பண்ணிய சட்டகம், ரேஸுக்கென்றே கட்டிய வி8 எஞ்சின். இந்தப் பந்தயங்களை நடத்தும் பெரிய அமைப்பு நாஸ்கார். பெரும்பாலும் ஓவல் டிராக்தான். ஒவ்வொரு ரேஸுக்கும் புள்ளிகள் உண்டு. அந்தக் காலத்தில், வருஷக் கடைசியில் கூட்டுத்தொகை யாருக்கு அதிகமாக இருந்ததோ அவர்தான் சாம்பியன்.

இதில் பெரும்பாலும் டிரைவர் வேலை ஓட்டுவது மட்டும்தான். கார், எஞ்சின், ஆட்கள், பணம் எல்லாம் அணி உரிமையாளர் பாடு. குல்விக்கி அந்த வழியில் போகவில்லை. 1985-ல் தன்னிடம் இருந்ததில் பெரும்பகுதியை விற்றுவிட்டு வட கரோலினாவுக்குக் கிளம்பினார். கிளம்புகிற நேரத்தில் அவருடைய டிரக் தீப்பிடித்து எரிந்தது. ஆனாலும் போனார். 1986-ல் சொந்த அணி. கையில் இருந்தது ஒரு கார், ரெண்டு எஞ்சின். அந்த வருஷத்தின் சிறந்த புதுமுக டிரைவர் அவர்தான்!

1988-ல் ஃபீனிக்ஸில் முதல் வெற்றி. ஜெயித்ததும் காரைத் திருப்பி, டிராக்கில் எதிர்த் திசையில் ஒரு சுற்று வந்தார். ஏன் தெரியுமா? அமெரிக்கக் காரில் டிரைவர் சீட் இடது பக்கம். எதிர்த் திசையில் வந்தால்தான் டிரைவர் ஜன்னல் ரசிகர்கள் பக்கம் இருக்கும்; கையசைக்கலாம்.

பெரிய அணி வைத்திருந்த ஜூனியர் ஜான்சன் அவரைத் தன் அணிக்குக் கூப்பிட்டார். குல்விக்கி மறுத்துவிட்டார். நல்ல சம்பளத்தை விட்டுட்டு இப்படி ஒரு ரிஸ்க்கா என்று உங்களுக்கும் தோணும். பதில் 1992-ல் வந்தது.

அந்த சீசனில் 6 ரேஸ் மிச்சம் இருக்கும்போது, முதலிடத்தில் இருந்த பில் எலியட்டைவிட அவர் 278 புள்ளி பின்தங்கியிருந்தார். எலியட் ஓட்டியது அதே ஜூனியர் ஜான்சன் அணிக்கு! ஆனால் நவம்பர் 15-ல் அட்லாண்டாவில் கடைசி ரேஸ் தொடங்கும்போது நிலைமை தலைகீழ். டேவி ஆலிசன் முதலிடம்; 30 புள்ளி பின்னால் குல்விக்கி; அவருக்கு 10 பின்னால் எலியட். ரேஸின் நடுவே ஆலிசன் விபத்தில் சிக்கினார். மிச்சம் ரெண்டே பேர்.

இப்போ கணக்கைப் பாருங்க. முதலிடத்துக்கு 175, ரெண்டாமிடத்துக்கு 170. ஒரு லேப்பாவது முன்னிலையில் இருந்தால் 5. அதிக லேப் முன்னிலையில் இருந்தவருக்கு இன்னும் 5. குல்விக்கி காரில் முதல் கியர் உடைந்திருந்தது; பிட்டில் நின்றால் மறுபடி கிளப்புவதே பாடு. அதனால் அவரும் அணியும் லேப்களை எண்ணினார்கள். எலியட்டால் இனி எட்ட முடியாத அளவுக்கு முன்னிலை லேப் சேர்ந்த பிறகுதான், பெட்ரோலுக்காகப் பிட்டுக்குள் வந்தார்.

ரேஸை ஜெயித்தது எலியட்: 175+5=180. குல்விக்கி ரெண்டாமிடம்: 170+5+5, அதுவும் 180. முன்னிலை லேப் குல்விக்கிக்கு 103, எலியட்டுக்கு 102. பழைய 10 புள்ளி வித்தியாசம் அப்படியே நின்றது, குல்விக்கி சாம்பியன். அந்த 103-ம் 102-ம் இடம் மாறியிருந்தால் இருவரும் சமம். அந்த வருஷம் அதிக ரேஸ் ஜெயித்திருந்த எலியட்டுக்குத்தான் பட்டம் போயிருக்கும்.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1993 ஏப்ரல் 1 அன்று, அடுத்த ரேஸுக்குப் போகும் வழியில் விமான விபத்தில் குல்விக்கி இறந்தார். வயது 38. அடுத்த ரேஸ்களில் ஜெயித்த சில டிரைவர்கள், அவர் நினைவாகக் காரைத் திருப்பி எதிர்த் திசையில் ஒரு சுற்று வந்தார்கள்.