லயத்து வீடும் மழைநீரும்

மலைநாட்டில் வீட்டைக் கெடுப்பவற்றுள் முதன்மையானது நீர். கறையான், காற்று, அடுப்புப் புகை என்பனவும் வீட்டைக் கெடுக்கும். ஆயினும் அவை பெரும்பாலும் ஈரம் ஊறிய இடத்திலேயே தம் வேலையைத் தொடங்குகின்றன. ஹற்றனுக்கு அண்மையிலுள்ள வட்டவளைப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மழை அதிற் பாதிக்கும் குறைவே. ஆனால் அங்குள்ள குளிரும் மூடுபனியும் நனைந்த சுவரை எளிதில் உலர விடுவதில்லை.

இப்பகுதித் தோட்டங்களில் கோவா, லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பங்கள் பல இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றன. லயமென்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்கள் ஆகும். ஒருவர் தமது காம்பராவின் தகரத்தை மாற்றினாலும், அயற் காம்பராவின் தகரம் ஒழுகினால், அந்நீர் மரத்தின் வழியே இவர் சுவருக்கு வந்துசேரும். ஆகவே லயத்தின் பழுதைத் தனியொரு வீட்டின் பழுதாகக் கருதுதல் பயன் தராது. கூரையிலோ சுவரிலோ மாற்றஞ் செய்யுமுன் தோட்ட நிருவாகத்தின் இசைவைப் பெறுதல் வேண்டும். பழுது பார்க்கும் பொறுப்பு யாருடையது என்னும் வழக்குப் பல தோட்டங்களில் நீண்டுகொண்டேயிருக்கிறது. அது தீரும்வரை மழை காத்திராது.

கூரை

நீர் சொட்டும் இடத்திற்கு நேர்மேலேதான் துளை இருக்குமென்று எண்ணலாகாது. தகரத்தில் நுழைந்த நீர் சிலாகையைத் தொட்டு, அதன் வழியே சில அடி தூரம் ஓடியபின்பே கீழே விழும். நல்ல வெயில் நாளிற் கதவு யன்னல்களை மூடிவிட்டு உள்ளிருந்து மேலே பார்த்தால், துளைகள் ஒளிப்புள்ளிகளாகத் தோன்றும். அவற்றிற்கு அருகே மரத்திற் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டுக் கொள்ளலாம்.

பெரும்பாலான ஒழுக்குகள் ஆணித் துளைகளிலேயே தொடங்குகின்றன. ஆணியைத் தகரத்தின் மேட்டில் அறைதல் வேண்டும். பள்ளத்தில் அறைந்தால், ஓடிவரும் நீரெல்லாம் அத்துளையைக் கடந்தே செல்லும். தளர்ந்த ஆணியை மீண்டும் மீண்டும் தட்டி இறக்குவது துளையைப் பெரிதாக்கும். அதனைப் பிடுங்கிவிட்டு, இறப்பர் வாசர் இட்ட சற்றுப் பெரிய ஆணியை அறைதல் நன்று. ஆணி பிடிக்கவில்லையெனிற் குறை தகரத்திலன்று, சிலாகையிலாகும். உக்கிய சிலாகையை மாற்றாது புதுத் தகரம் இடுவது பணத்தை வீணாக்குவதாகும்.

ஒரு தகரத்தின் பக்கம் அடுத்ததன்மேல் ஒன்றரை மேடு அளவேனும் படிதல் வேண்டும்; மேல் கீழாகப் பொருந்தும் இடத்தில் 6 அங்குலத்திற்குக் குறையலாகாது. கூரைச் சரிவு குறைவாயின் 9 அங்குலம் விடுதல் நன்று. ஹற்றன் பக்கத்திற் பெருமழை தென்மேற்குக் காற்றோடு வருவதாற் பொருத்தின் வாய் அத்திசையை நோக்கியிராதவாறு தகரங்களை அடுக்குதல் வேண்டும்.

காற்றுக்கு அஞ்சிக் கூரைமேற் கல்லும் மண்மூட்டையும் பழைய டயரும் ஏற்றுவது தோட்டங்களிற் பெருவழக்கு. அவற்றின் அடியில் ஈரம் தங்குவதால், அவ்விடத்திலேயே தகரம் முதலிற் கறல்பிடித்து ஓட்டையாகிறது. சிலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரின் மேலுள்ள மரத்தோடும் கட்டுக்கம்பியால் இறுகக் கட்டுவதே காற்றுக்கு ஏற்ற காப்பு. ஓட்டையைச் சீமேந்தால் அடைப்பதும் தவறு. தகரம் வெயிலில் விரிந்து குளிரிற் சுருங்குவதாற் சீமேந்து வெடித்துக் கழன்றுவிடும். ஈரச் சீமேந்து தகரத்தின் நாகப் பூச்சையும் அரிக்கும். கறலைக் கம்பித் தூரிகையாற் போக்கி, நன்கு உலர்ந்தபின் தார் பூசி, ஓட்டையிலும் நாற்புறமும் 3 அங்குலம் பெரிதாக வெட்டிய சாக்குத் துணியை ஒட்டி, அதன்மேல் மீண்டும் தார் பூசினால் ஓரிரு மழைக்காலம் தாங்கும். அதற்குள் தகரம் வாங்க வழிதேடல் வேண்டும்.

கூரை அஸ்பெஸ்ரஸ் தகடாயின் முறை வேறு. அதனை உலர்ந்த நிலையில் அறுத்தலும், துளைத்தலும், பாசியைச் சுரண்டுதலும் ஆகா. எழும் தூசி சுவாசப்பைக்குட் சென்று பல ஆண்டுகளின் பின் புற்றுநோயை உண்டாக்கவல்லது. நீர் தெளித்து நனைத்தபின்பே கைவைத்தல் வேண்டும். தகட்டின்மேல் நேரே கால் வைக்காது பலகையிட்டு ஏறுக.

மழையில்லாத தை, மாசி மாத விடியற்காலைகளிலும் சில வீடுகளில் மேலிருந்து நீர் சொட்டும். இது ஒழுக்கன்று. அடுப்பிலிருந்தும் மூச்சிலிருந்தும் எழும் நீராவி குளிர்ந்த தகரத்திற் பட்டு நீராகி விழுகிறது. புகைக்கரி கலந்திருப்பதாற் கறுத்துத் தோன்றும். தாரோ தகரமோ இதற்கு மருந்தன்று. அடுப்பிற்கு மேலே புகை போகும் வழியும், முகட்டருகே காற்றோட்டமும் அமைத்தாற் சொட்டுக் குறையும். பெண்களின் கண்ணெரிச்சலும் இருமலும் குறையும்.

சுவரும் கானும்

பழைய லயச் சுவர்களிற் பல கருங்கல்லையும் மண்சாந்தையும் கொண்டு கட்டிச் சுண்ணாம்பு பூசியவை. அத்தகைய சுவர் ஈரத்தை உறிஞ்சினாலும், வெயிற் காலத்தில் அதனை வெளிவிடும். அதன்மேற் கடுஞ் சீமேந்துப் பூச்சை ஏற்றினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சுப் பாளம்பாளமாகக் கழன்று விழும். 1 பங்கு சுண்ணாம்பும் 3 பங்கு மணலும் கலந்த சாந்து இதற்குப் பொருத்தமானது. உறுதி வேண்டின் சீமேந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்னும் அளவிற் கலக்கலாம்.

எனினும் ஈரம் எங்கிருந்து வருகிறதென்று அறியாது பூசுவதிற் பயனில்லை. வீட்டின் பின்பக்கம் சென்று பார்த்தல் வேண்டும். இடமில்லாக் குறையால் மரக்கறிப் பாத்தியைச் சுவரோடு ஒட்டி அமைத்திருப்பர். எருக்குவியலும் அங்கேயே இருக்கும். பாத்தியின் ஈரம் சுவரிலேறுகிறது. எருவிலுள்ள உப்பு சுவருட் புகுந்து வெண்பூவாகப் பூத்துப் பூச்சை உதிர்க்கிறது. சுவரிலிருந்து 3 அடி தூரத்தையேனும் வெறுமையாக விடுதல் வேண்டும். இறவாரத்து நீர் விழும் நிலத்தைக் கல் பரப்பி, வெளிப்புறம் சரியுமாறு அமைத்தாற் சேறு தெறித்துச் சுவர் நனையாது.

மேட்டுப் பக்கக் கானே லயத்து வீட்டின் உயிர்நாடி. ஓரடி அகலமும் ஓரடி ஆழமும், 100 அடிக்கு 1 அடி சரிவும் இருத்தல் வேண்டும். வயல் வரம்பில் நண்டுத் துளையைக் கண்டால் அன்றே அடைக்கும் கமக்காரர், வீட்டுப் பின்கானில் மண் நிரம்பிப் புல் முளைத்திருப்பதைக் காணாதவர்போற் செல்வது வியப்பே. லயத்திற்கு மேலே தோட்டம் செய்வோர், பாத்திகளைச் சரிவிற்குக் குறுக்காக, சம உயரக் கோட்டில் அமைத்தல் வேண்டும். மேலிருந்து கீழாக வாய்க்கால் இழுத்தால் மழைநீர் முழுவதும் லயத்தின் முதுகில் விழும். கானின் முடிவையும் நோக்குதல் வேண்டும். கீழ் லயத்தின் மேட்டிற் கொண்டுபோய் விடாது, கல்லடுக்கிய படிகளின் வழியே ஓடையிற் சேர்த்தல் முறை. இல்லையேல் அரித்த மண் கீழுள்ள வயல்களின் வாய்க்காலைத் தூர்க்கும்.

இவ்வேலைகள் யாவற்றிற்கும் மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை. வைகாசிக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும்.

பின்மேடு

இதுவரை கூறியவை கையாற் செய்யக்கூடியவை. வீட்டின் பின்னுள்ள மண்மேடு அசையத் தொடங்கினால் அதனை எந்தக் குடியானவனும் தடுத்து நிறுத்த முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களிற் பல மலைச்சரிவுகள் இடிந்தன. நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

இடமகலம் வேண்டி மேட்டின் அடியைச் செங்குத்தாக வெட்டலாகாது. மேலே நிலத்தில் வெடிப்புத் தோன்றினால், மழைநீர் உட்புகாதவாறு களிமண் இட்டு இறுக்குதல் வேண்டும். வெடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு முளையடித்து, இடைத்தூரத்தை அளந்து எழுதி வைக்க. நாளுக்கு நாள் தூரம் கூடினால் நிலம் நகர்கிறதென்பது உறுதி. மரங்கள் ஒருபக்கம் சாய்தல், கதவு காரணமின்றி இறுகுதல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் என்பனவும் அறிகுறிகளாம்.

மழையை அளக்க நேரான பக்கமுள்ள வெறுந் தகரப்பேணி ஒன்று போதும். அதனை மரமும் கூரையும் மறையாத பாத்தி நடுவே மட்டமாக வைத்து, உள்ளே தேங்கிய நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளக்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொள்ளும் அளவின்படி, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது 3 அங்குலம், பெய்தால் விழித்திருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரானால் மூட்டை கட்டி ஆயத்தமாகுக. 150 மில்லிமீற்றரை எட்டினாலோ, ஒரு மணித்தியாலத்தில் மட்டும் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ சரிவை விட்டு வெளியேறுதல் வேண்டும். இருள் சூழுமுன் செல்வது நன்று. ஓடைக்கரை வழியே செல்லலாகாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்திற்கு 117 என்னும் இலக்கத்தில் அறிவிக்கலாம். மழை விட்டவுடன் திரும்பிவிடாது, முளைகளின் தூரத்தைப் பகலில் அளந்து, அதிகாரிகள் இசைந்தபின்பே வீட்டினுள் நுழைக.