துரைகளாக இல்லாத வெள்ளையர்கள்

பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த வெள்ளையர் எல்லோரும் கலெக்டர்களோ தோட்டத் துரைகளோ அல்லர். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இங்கே நிறுத்தப்பட்ட சாதாரணப் பிரிட்டிஷ் படைவீரர்கள் மட்டும் 60,000-க்கு மேல். ரயில் தொழிலாளர், மாலுமிகள், சிறு கடைக்காரர்கள் தனி.

படைவீரர்களில் பெரும்பாலோர் வறுமைக்குத் தப்பிப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். நூற்றுக்குச் சுமார் 12 பேருக்குத்தான் மனைவியை உடன் அழைத்துவர அனுமதி. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தக் குடும்பங்கள் பல, மற்ற வீரர்கள் படுத்திருக்கும் அதே கூடத்தில், ஒரு துணியைத் தொங்கவிட்டு அதன் மறைவில் குடித்தனம் நடத்தின. கணவன் இறந்தால் சில மாதங்களில் மனைவியின் படி நின்றுவிடும். அதனால் விதவைகள் பலர் விரைவிலேயே அதே படைப்பிரிவில் மறுமணம் செய்துகொண்டார்கள். காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் காலராவும் வீரர்களை வாரிக்கொண்டு போயின. 1863இல் அறிக்கை தந்த அரச ஆணையம், அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் ஆண்டுக்கு ஆயிரம் வீரர்களுக்கு 69 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது.

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், இந்தியத் தாய்மாருக்குப் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கும் ஆதரவற்றோர் இல்லங்கள் எழுந்தன. சென்னை எழும்பூரில் 1789இல் தொடங்கிய ஆண்பிள்ளைகள் இல்லத்தை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நடத்தினார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அதை அங்கே புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். அதுவே ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குச் சென்றது. பின்னர் வடக்கே சனாவரில் 1847இலும், ஊட்டியில் 1858இலும் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான லாரன்ஸ் இல்லங்கள் வந்தன.

ரயில்வே வந்ததும் ஓட்டுநர்களும் ஃபிட்டர்களும் ஒப்பந்தத்தில் கப்பலேறினர். ஜமால்பூர் போன்ற ரயில்வே காலனிகளில் தேவாலயமும் கிளப்புமாக அவர்களுக்கென்று தனி உலகம் உருவானது. வேலை போனவர்களோ ஊர் ஊராக அலைந்து பிச்சையெடுத்தார்கள். ஆளும் இனத்தவன் கையேந்துவது ஆட்சியின் கௌரவத்துக்கு இழுக்கு என்று அரசு அஞ்சியது. 1869இலும் 1874இலும் வந்த ஐரோப்பிய நாடோடிகள் சட்டங்கள், அவர்களைப் பிடித்து விடுதிகளில் அடைக்கவும் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்பவும் வழிசெய்தன.

இத்தனை வறுமையிலும் நிறம் தந்த சலுகை குறையவில்லை. மாவட்டங்களில் வெள்ளையரை இந்திய நீதிபதியும் விசாரிக்கலாம் என்று 1883இல் இல்பர்ட் மசோதா வந்தபோது வெள்ளையர் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டு, பாதிக்குக் குறையாமல் வெள்ளையர் அமர்ந்த ஜூரியைக் கேட்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. தன் ஏழைகளைக் கண்மறைவாக ஒதுக்கிய பேரரசு, அதே ஏழைகளைச் சட்டத்தின் முன் இந்தியருக்கு மேலே நிறுத்தியது. இனப்பெருமையை நம்பி நடந்த ஆட்சிக்கு இரண்டுமே தேவைப்பட்டன.