மெட்ராஸ் ஐ பார்வையில் ஒட்டாது

மெட்ராஸ் ஐ என்னும் கண்நோய் வந்தவரைப் பார்த்தாலே நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். பார்வைக்கு அந்தச் சக்தி கிடையாது. நோய் வந்தவரின் கண்ணைக் கசக்கிய கை பேருந்துக் கம்பியைப் பிடிக்கிறது; அதே கம்பியைப் பிடித்த நீங்கள், அரிக்கிறதே என்று கண்ணைத் தொடுகிறீர்கள். தீர்ந்தது கதை! கறுப்புக் கண்ணாடி கண் கூச்சத்தைக் குறைக்கும், தொற்றைத் தடுக்காது. பெரும்பாலும் இந்த நோய்க்குக் காரணம் அடினோ வைரஸ். கொழுப்பு உறை இல்லாத இந்த வைரஸ் சானிடைசருக்கு எளிதில் மசியாது. அதனால் சோப்புப் போட்டு, நகக்கண் வரை 20 விநாடியாவது தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அவருடைய துண்டும் தலையணை உறையும் தனியாக இருக்கட்டும். சொட்டு மருந்தையும் பங்கு போடாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கி ஊற்றவும் வேண்டாம்.