கல்லும் களிமண்ணும் – 9: மேல்படிப்பு எதற்கு?

சின்னமனூர்ப் பையன் ஒருவன் சிற்பம் படிக்க ஆசைப்பட்டால் முதலில் காதில் விழுவது மாமல்லபுரம். 1957-ல் தொடங்கிய கல்லூரி. அடுத்தது சென்னை பெரியமேடு. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் ஆரம்பித்த பள்ளியிலிருந்து வளர்ந்த கவின் கலைக் கல்லூரி அங்கே இருக்கிறது.

மாமல்லபுரத்தில் அளவுதான் முதல் பாடம். தாலக் கணக்கு தெரியாமல் உளி நகராது. குமரிமுனையில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். பெரியமேட்டில் வேறு கதை. கம்பிக்கூடு கட்டி, களிமண் அப்பி, காயாமலிருக்க ஈரச்சாக்கு சுற்றி, பிளாஸ்டர் மோல்டு எடுத்து வார்ப்பதெல்லாம் நான்கு வருட பி.எஃப்.ஏ.விலேயே கைக்கு வந்துவிடும். பிறகு எதற்கு இரண்டு வருட எம்.எஃப்.ஏ.? வாழைத் தோட்டத்தில் நிற்கும் அப்பா கேட்டால் கோபப்படக் கூடாது. நியாயமான கேள்வி.

அந்த இரண்டு வருடமும் 'இதைச் செய்' என்று யாரும் சொல்வதில்லை. கருவும் பொருளும் அளவும் மாணவன் பொறுப்பு. ஏன் மரம், ஏன் இவ்வளவு பெரிது என்று ஆசிரியர்கள் குடைவார்கள். வீரபாண்டித் திருவிழாவில் ஆயிரங்கண் பானையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அதுவும் சிற்பம்தானே என்று அப்போதுதான் உறைக்கும்.

சிற்பி ராய் சௌத்ரியிடம் படித்த தனபால்தான் பெரியமேட்டில் சிற்பத்தை வளர்த்தவர். அங்கே படித்த ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டியே உருவம் எடுத்தார். கோயிலுக்குக் கவசம் அடிக்கும் வேலைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

மேல்படிப்புக்குப் போனவர்களில் ஒருவர் சிற்பி கானாயி குஞ்ஞிராமன். சென்னையில் படித்துவிட்டு, 1965-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஸ்லேட் கலைப்பள்ளிக்குப் போனார். திரும்பி வந்து 1969-ல் மலம்புழா அணைப் பூங்காவில் யட்சியைச் செய்தார். கால் அகட்டி, கூந்தலில் கைவைத்து, துணியில்லாமல் அமர்ந்திருக்கும் 30 அடிப் பெண். கான்கிரீட். எதிர்ப்பு கிளம்பியது, யட்சி அசையவில்லை. அவளை அவர் லண்டனில் கண்டெடுக்கவில்லை, அவள் கேரளத்துக் கதைகளில் உலவியவள். அவளை அத்தனை பெரிதாக, வெட்டவெளியில் உட்கார வைக்கும் துணிச்சலுக்கு அந்தப் படிப்பு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

பட்டத்தோடு ஊர் திரும்பினால் வரும் ஆர்டர் தலைவர் சிலைதான். தேனி மாவட்டத்தில் முக்குகளுக்கா பஞ்சம்? மூக்குக்கண்ணாடி சரியா, நீட்டிய கை சரியா என்று பார்க்கும் கட்சிக்காரர்கள்தான் அங்கே தேர்வாளர்கள். ஃபைபரில் வார்த்து வெண்கல நிறம் பூசினால் வேலை முடிந்தது. சோறு போடுகிற வேலை, இளக்காரம் வேண்டாம். மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த ராய் சௌத்ரிதான் அங்கே காந்தியையும் செய்தார். இரண்டும் 1959-ல் திறக்கப்பட்டவை. சிலை ஆர்டர் எடுக்கும் நம் பையன்கள் அந்தக் காந்தியின் நடையை முன்னாலிருந்து மட்டும் பார்த்துவிட்டு வராமல், பின்னால் போயும் பார்க்கட்டும்.

(தொடரும்)