கோப்பையில் முதலிடம் எதற்கு? இரைப்பை பைபாஸ் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் எங்கள் சமையலறை

“ஒரு கரண்டி சோறுதானே, சாப்பிடு.” எங்கள் வீடுகளில் அன்பு பெரும்பாலும் இந்த வசனத்தில்தான் வெளிப்படும். ஆனால் கஸ்ரிக் பைபாஸ் என்னும் இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் ஒருவருக்கு, அந்த ஒரு கரண்டி சோறு நெஞ்சில் அடைத்து நின்று கடைசியில் சத்தியாக வெளியே வரக்கூடும். தப்பித்தவறி உள்ளே போனாலும், அவருக்கு உண்மையில் தேவைப்பட்ட வேறொரு உணவின் இடத்தை அது பிடித்துக்கொண்டு விடும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் எம்மவர்களிடையேயும் இருக்கிறார்கள். பலர் அதை வெளியில் சொல்வதில்லை. “வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டினவர்” என்ற பேச்சுக்குப் பயம். வைத்தியசாலையில் தரும் உணவு அட்டவணையோ வான்கோழி இறைச்சி, கொட்டேஜ் சீஸ், ஓட்ஸ் என்று போகும். அதைப் படித்துவிட்டு சமையலறைக்குள் போனால் அங்கே இருப்பது புட்டும் சொதியும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பலர் தடுமாறுகிறார்கள். அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது குறைப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

எங்களுக்கு ஏன் இது பொருந்துகிறது?

தெற்காசியர்களாகிய எங்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த உடல் நிறையிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அதற்கு ஒரு முக்கிய காரணம். பிரித்தானிய வழிகாட்டல்கள் தெற்காசியர்களுக்கு இந்தச் சத்திரசிகிச்சைக்கான உடற்திணிவுச் சுட்டெண்ணை 2.5 அலகு குறைத்துக் கணக்கிடுகின்றன. 2022ஆம் ஆண்டு இத்துறையின் அமெரிக்க, சர்வதேச சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலும், ஆசிய மக்களுக்கு 27.5 என்ற அளவிலிருந்தே இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. எனவே இது “அளவுக்கு மீறிப் பருத்தவர்களுக்கு” மட்டுமான சிகிச்சை அல்ல. சீனி வருத்தத்தோடு பல வருடங்களாகப் போராடும் ஒருவருக்கும் வைத்தியர் இதைச் சொல்லக்கூடும். இது சோம்பேறிகளின் குறுக்குவழியும் அல்ல. சத்திரசிகிச்சைக்குப் பிறகுதான் உண்மையான வேலையே தொடங்குகிறது.

உள்ளே என்ன மாறுகிறது?

இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு சிறு பை மட்டும் தனியாகப் பிரிக்கப்படுகிறது. அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு. அந்தப் பையோடு சிறுகுடலின் ஒரு பகுதி நேரடியாக இணைக்கப்படுகிறது. மீதி இரைப்பை வெட்டி எறியப்படுவதில்லை. அது உள்ளேயே இருந்து சுரப்புகளைத் தரும், ஆனால் சாப்பாடு அதன் வழியாகப் போகாது. சாப்பாட்டு வழியும் சுரப்புகளின் வழியும் கீழே ஓரிடத்தில் ஆங்கில ‘வை’ எழுத்தைப் போலச் சேரும்.

இதனால் மூன்று மாற்றங்கள் ஏற்படுகின்றன. ஒரு வேளைக்குச் சாப்பிடக்கூடிய அளவு மிகச் சிறிதாகிறது. குடலிலிருந்து வரும் பசி, நிறைவுச் சுரப்புகள் மாறுவதால் பசி குறைகிறது, சீனியின் அளவும் விரைவாக இறங்குகிறது. இரும்பு, கல்சியம் போன்றவை நன்றாக உறிஞ்சப்படும் குடலின் தொடக்கப் பகுதியைச் சாப்பாடு தாண்டிப் போவதால் அச்சத்துகள் உடலில் சேர்வது குறைகிறது. முதல் இரண்டும் நன்மை. மூன்றாவதுதான் கவனிக்காவிட்டால் சில வருடங்களில் ஆளைப் படுக்கையில் போடுவது.

முதல் இரண்டு மாதங்கள்

காலக்கணக்கு வைத்தியசாலைக்கு வைத்தியசாலை சற்று மாறும். உங்களுக்குத் தந்த தாளில் இருப்பதையே பின்பற்றுங்கள். பொதுவான ஒழுங்கு இப்படித்தான் இருக்கும்.

முதல் ஓரிரு நாட்கள் தெளிந்த நீராகாரம். பிறகு ஏறத்தாழ இரண்டு வாரம் வரை பால், சீனி சேர்க்காத புரதப் பானம், வடித்த சூப் போன்ற திரவ உணவு. எங்கள் வீட்டில் என்றால் உறைப்பும் புளியும் குறைத்து வடித்த ரசம், நீர்மோர், நன்றாகக் கரைத்து வடித்த பருப்புத் தண்ணீர். ஆனால் ரசத்தில் புரதம் இல்லை என்பதை மறக்கக் கூடாது. அது தாகத்துக்கு மட்டும்தான்.

அதன் பின் இரண்டு வாரமளவில் களி போல மசித்த உணவு. குழைய அவித்த பருப்பு, முள்ளெடுத்து மசித்த மீன் சொதி, யோகட், மென்மையாகக் கிண்டிய முட்டை ஆகியவை இதற்கு நன்றாகப் பொருந்தும். எட்டாவது வாரம் வரை கரண்டியால் அழுத்தினால் உடையும் மென்மையான உணவு. மீன் குழம்பு, அரைத்த கோழி இறைச்சிக் கறி, பூசணி, கரட், சொதியில் நனைத்த அரை இடியப்பம் என்று மெதுவாகக் கூட்டலாம்.

சோறு, பாண், ரொட்டி, வறண்ட புட்டு, வறண்ட கோழி நெஞ்சுப்பகுதி, கணவாய், முருங்கைக்காய்ச் சக்கை போன்றவை அடைத்துக்கொள்ளக்கூடியவை. இவற்றைக் கடைசியாக, ஒவ்வொன்றாக, மிகச் சிறிய அளவில் முயன்று பார்க்க வேண்டும். ஒன்று இன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு மாதம் கழித்து ஒத்துக்கொள்ளலாம்.

சோறா, மீனா?

முழுக் கட்டுரையிலும் ஒரு விடயத்தை மட்டும்தான் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: கோப்பையில் முதலிடம் புரதத்துக்கு.

ஆரம்ப மாதங்களில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ கால் கப் உணவுதான் கொள்ளும். அந்தக் கால் கப்பும் சோறாக இருந்தால் கிடைக்கும் புரதம் ஒரு கிராமளவு. அதே கால் கப் உதிர்த்த மீனாக இருந்தால் எட்டு ஒன்பது கிராம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பது பொதுவான கணக்கு. அது கிடைக்காவிட்டால் உடல் கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைத்துவிடும். நிறை குறைவதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே படியேற முடியாத களைப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாம் மாதமளவில் பலருக்கு முடி கொட்டும். விரைவான நிறையிழப்பால் வரும் அது பெரும்பாலும் தானாக நின்றுவிடும். ஆனால் புரதமும் இரும்பும் குறைந்தால் நீடிக்கும்.

எங்கள் உணவில் புரதத்துக்குப் பஞ்சமில்லை. நாங்கள் அதைச் சோற்றுக்குத் துணையாக வைத்துப் பழகிவிட்டோம். அதைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆறு மாதம் கடந்த ஒருவருக்கு ஒரு நாள் இப்படி அமையலாம். காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். இடையில் ஒரு சிறு தம்ளர் பால், 7 கிராம். மதியம் முள்ளில்லாத மீன் 75 கிராம், அதோடு இரண்டு கரண்டி மரக்கறி, இடமிருந்தால் ஒரு கரண்டி சோறு. மீனிலிருந்து 16 கிராமளவு. பின்னேரம் சீனி சேர்க்காத கிரேக்க யோகட் 150 கிராம், 14 கிராமளவு. இரவு அரைக் கப் பருப்பும் 50 கிராம் கோழியும், 22 கிராமளவு. மொத்தம் 70 கிராமைத் தாண்டுகிறது. ரின்மீன், இறால், பயறு, கௌபி, நன்றாக ஊறவைத்துப் பொடியாக நறுக்கிய சோயாமீற், ரோஃபு ஆகியவற்றையும் மாற்றி மாற்றிச் சேர்க்கலாம்.

வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் பருப்பும் சோறும் மட்டும் போதாது. யோகட், பால், சோயா கட்டாயம் சேர வேண்டும். கந்தசஷ்டி போன்ற நாட்களில் உபவாசம் இருக்க விரும்புவோர், முதல் வருடத்தில் வைத்தியரைக் கேட்காமல் இருக்க வேண்டாம். நீரிழிவுக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது ஆபத்தாகவே முடியலாம்.

சாப்பிடும் விதம்

ஒவ்வொரு வாயையும் களியாகும் வரை மெல்ல வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது முப்பது நிமிடம் எடுக்கலாம். தேக்கரண்டியும் சிறு கோப்பையும் உதவும். நெஞ்சின் நடுவில் ஓர் அழுத்தம், விக்கல், மூக்கிலிருந்து நீர் வடிதல் ஆகியவை சிலருக்கு “போதும்” என்ற அறிகுறி. அதற்கு மேல் ஒரு வாய்கூட வேண்டாம்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை விட வேண்டும். சாப்பிட்டு அரை மணிநேரம் கழித்தே குடிக்கலாம். ஆனால் நாள் முழுவதும் மிடறு மிடறாக ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை குடித்தாக வேண்டும். முதல் வாரங்களில் திரும்ப வைத்தியசாலைக்குப் போக நேர்வதற்கு நீரிழப்பு ஒரு முக்கிய காரணம்.

பாயாசம், கேக், லட்டு, நெல்லிக்கிறஷ், மூன்று கரண்டி சீனி போட்ட பால்தேத்தண்ணி இவை சிறு பையில் தங்காமல் குடலுக்குள் ஒரேயடியாக விழும். பத்து முப்பது நிமிடத்தில் நெஞ்சு படபடப்பு, வியர்வை, வயிற்று முறுக்கு, வயிற்றோட்டம் வரலாம். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணிநேரம் கழித்து சீனி சட்டென்று இறங்கித் தலைசுற்றி விழவும் கூடும். சாமத்தியவீட்டில் நீட்டும் தட்டை ஒருவர் மறுக்கும்போது அது மரியாதைக் குறைவு அல்ல என்பதை நாங்களும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

குளிசைகள் உயிருள்ளவரை

“இப்ப நல்லாத்தானே இருக்கிறேன், ஏன் குளிசை?” என்று இரண்டாம் வருடத்தில் நிறுத்துபவர்கள் உண்டு. உடலில் சேமிப்பிலிருந்த பி12 கரைய வருடங்கள் எடுக்கும். அதுவரை ஒன்றும் தெரியாது. பிறகு கால் விறைப்பு, மறதி, இரத்தச்சோகை என்று வரும். நரம்புக்கு ஏற்பட்ட பாதிப்பு எல்லா நேரமும் முழுதாகத் திரும்பாது.

பல்விற்றமின் குளிசை, பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி என்பன வழமையாகத் தரப்படுபவை. கல்சியத்தை ஒரே தடவையில் எடுக்காமல் நாளில் இரண்டு மூன்றாகப் பிரிக்க வேண்டும். இரும்புக் குளிசைக்கும் கல்சியத்துக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணிநேரம் விட வேண்டும். தேத்தண்ணியோடு இரும்பு எடுத்தால் பாதி வீண். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பின் அளவு கூடுதலாக வேண்டும். பிள்ளைப்பேற்றை எதிர்பார்ப்போர் 12 முதல் 18 மாதங்கள் பொறுத்திருப்பது நல்லது. முதல் வருடத்தில் சில தடவையும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் இரத்தப் பரிசோதனை தவறக் கூடாது.

தலையிடி, மூட்டுவலிக்கு ஐபுபுரொஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். இணைப்பில் புண் உண்டாக்கும். பரசிற்றமோல் பொதுவாகப் பாதுகாப்பானது. புகைத்தலும் அதே புண்ணை உண்டாக்கும். மதுவைப் பொறுத்தவரை, பைபாஸ் செய்தவரின் இரத்தத்தில் அது மிக விரைவாகவும் கூடுதலாகவும் ஏறுகிறது. சாப்பாட்டின் ஆறுதலை இழந்தவர் மதுவில் ஆறுதல் தேடும் ஆபத்தும் உண்டு. போரின் காயங்களையும் தனிமையையும் குடியில் மறைத்துக்கொண்டவர்கள் இருக்கும் எங்கள் சமூகத்தில் இதை வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும்.

பொறுத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

முதல் வாரங்களில் காய்ச்சல், விடாத வேகமான நாடித்துடிப்பு, மூச்சுத்திணறல், கடும் வயிற்றுவலி, ஒரு கால் மட்டும் வீங்குதல் இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வருடங்கள் கழித்துக்கூட வயிற்றில் விட்டுவிட்டுக் கடுமையாக முறுக்கினால், குடல் உள்ளே சிக்கியிருக்கலாம். “வாய்வு” என்று ஓமத்தண்ணி குடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். பைபாஸ் செய்தவர் என்பதை முதல் வசனமாக வைத்தியரிடம் சொல்லுங்கள். மொழி தடையென்றால் அதை அந்நாட்டு மொழியில் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள்.

சத்தி நாள்கணக்கில் தொடர்ந்தால் தயமின் என்ற பி1 உயிர்ச்சத்து சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். நடையில் தள்ளாட்டம், பார்வை இரட்டித்தல், குழப்பம் ஆகியவை அதன் அடையாளம். உடனே ஊசி மூலம் கொடுக்காவிட்டால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம். வீட்டில் திட்டு விழுமே என்று சத்தியை மறைக்கிற ஒருவருக்கு இது நடக்கலாம். மறைக்கத் தேவையில்லாத வீடாக உங்கள் வீட்டை வைத்திருப்பதும் ஒரு மருத்துவம்தான்.

வீட்டாருக்கு

பசியையும் பொருளாதாரத் தடையையும் இடப்பெயர்வையும் கண்ட தலைமுறை எங்கள் அம்மாக்களுடையது. பிள்ளையின் கோப்பை நிறைந்திருப்பதைப் பார்த்தால்தான் அவர்களுக்கு நித்திரை வரும். அந்தப் பிள்ளை நாலு வாயோடு எழும்பும்போது அவர்கள் மனம் பதைப்பது இயல்பு. அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அன்பைக் காட்டும் வழியை மாற்றலாம். மீனை முள்ளெடுத்து வைப்பதும் அன்புதான். பருப்பை இன்னும் கொஞ்சம் குழைய விடுவதும், அவரோடு அரை மணிநேரம் இருந்து மெதுவாகச் சாப்பிடுவதும் அன்புதான்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டே பழகிய எங்களுக்கு அதை விட முடியாது, விடவும் வேண்டாம். அதோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொண்டால் போதும். “தண்ணி குடிச்சியா? குளிசை போட்டியா?”

இங்கே சொன்னவை பொதுவான தகவல்கள் மட்டுமே. உங்கள் உடல்நிலையை அறிந்த வைத்தியரும் உணவியல் நிபுணரும் சொல்வதற்கே எப்போதும் முதலிடம் கொடுங்கள்.