இயற்கைக் கொல்லிக் கலங்கள்

2017 ஆம் ஆண்டின் முற்பகுதியில் திருகோணமலை மாவட்டத்தில், குறிப்பாகக் கிண்ணியாப் பகுதியில், டெங்குக் காய்ச்சல் வேகமாகப் பரவியது. அவ்வாண்டில் இலங்கை முழுவதிலும் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400 இற்கு மேற்பட்டோர் இறந்தனர். எனினும் மிகப் பெரும்பாலானோர் குணமடைந்தனர். டெங்கு வைரசை நேரடியாக அழிக்கும் மருந்து பயன்பாட்டில் இல்லாத நிலையில், வைத்தியசாலைப் பராமரிப்பும் உடலின் நிர்ப்பீடனமுமே அவர்களைக் காத்தன.

முதல் நாட்களில் நடப்பது என்ன?

புதிய வைரசு ஒன்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் போதியளவு உருவாகச் சில நாட்கள் செல்லும். அதற்கிடையில் வைரசு உடற்கலங்களினுள் புகுந்து பெருகும். இவ்விடைவெளியில் தொழிற்படும் முக்கியமான வெண்குருதிக் கலங்களே இயற்கைக் கொல்லிக் கலங்கள். இவை 1970 களில் கண்டறியப்பட்டன. அவ்வைரசை முன்னர் சந்தித்திராமலே தாக்கக்கூடியவை என்பதால் இப்பெயர் பெற்றன.

எவ்வாறு இனங்காண்கின்றன?

துறைமுக வாயிலில் பணியாளர் தமது அடையாள அட்டையைக் காட்டி உட்செல்வதை எண்ணிப் பாருங்கள். அதுபோல ஆரோக்கியமான கலத்தின் மேற்பரப்பில் அடையாளப் புரதங்கள் உள்ளன. கொல்லிக் கலம் இவற்றைக் கண்டால் விலகிச் செல்லும். ஹேர்ப்பிஸ் போன்ற சில வைரசுக்கள் தாம் புகுந்த கலத்தின் அடையாளப் புரதங்களைக் குறைத்துவிடும். அடையாளம் குறைந்து, பாதிப்பைக் காட்டும் வேறு புரதங்களும் தோன்றும்போது கொல்லிக் கலம் தாக்கும்.

எவ்வாறு அழிக்கின்றன?

1. பேபோரின் எனும் புரதம் தொற்றுற்ற கலத்தின் மென்சவ்வில் துளைகளை உண்டாக்கும்.
2. கிரான்சைம் எனும் நொதியங்கள் உட்சென்று, அக்கலம் தானாகவே இறக்கும்படி செய்யும்.
3. இன்டர்பெரோன் எனும் புரதம் சுரக்கப்பட்டு, தின்குழியங்கள் தூண்டப்படும்.

கவனிக்க: கொல்லிக் கலங்கள் வைரசை விழுங்குவதில்லை. வைரசு பெருகும் கலத்தையே அழிக்கின்றன. விடையெழுதும்போது பலர் இங்கே தவறுவர்.

இப்பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. டெங்கு வைரசில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையால் நோயுற்றுக் குணமடைந்தவருக்கு ஏனைய மூன்றுக்கும் எதிராக நிலையான பாதுகாப்புக் கிடைப்பதில்லை. இரண்டாம் முறை நோய் கடுமையாகவும் கூடும். எனவே சிரட்டை, டயர், கரையேற்றிய தோணி ஆகியவற்றில் தேங்கும் மழைநீரை வாரந்தோறும் அகற்றுங்கள். காய்ச்சல் ஏற்பட்டால் அஸ்பிரின் எடுக்காது வைத்தியரை நாடுங்கள்.

பயிற்சி வினா

பிறபொருளெதிரிகள் உருவாகுமுன் வைரசுத் தொற்றைக் கட்டுப்படுத்துவதில் இயற்கைக் கொல்லிக் கலங்களின் பங்கை விளக்குக.